"பத்து நாள் நாயைப் பாருங்க" வாய்ஸ் நோட்: உங்க குரூப்புக்கும் வந்துச்சா?

சிம்ஸ்பார்க்_மேடு (குன்னூர்)

எங்க வார்டு வாட்ஸ்ஆப் குரூப்புல ஒரு வாய்ஸ் நோட் சுத்திட்டிருக்கு. நடுத்தர வயசு அம்மா ஒருத்தர் குரல். "யாரும் பதறாதீங்க சாமிகளா"ன்னு ஆரம்பிக்கிறாங்க. நாய் கடிச்சா ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாமாம். நாயைக் கட்டி வச்சு பத்து நாள் பாக்கணுமாம். உயிரோட இருந்தா ஊசியே தேவையில்ல, செத்தா மட்டும் போய்ப் போட்டுக்கலாமாம். அதுவரைக்கும் காயத்துல மஞ்சளும் மிளகாப்பொடியும் குழைச்சு அப்பினா விஷம் முறிஞ்சிடுமாம். கடைசியா, இதைப் பத்து பேருக்கு அனுப்பினா ஒரு உயிரைக் காப்பாத்துன புண்ணியம்.

போன வாரம் கீழ எஸ்டேட் லயன்ல, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள்ல, ஒரு சின்னப் பொண்ணைத் தெருநாய் கெண்டைக்கால்ல கடிச்சிருக்கு. நான் போய்ப் பாக்கறப்ப கடிச்சு சில நாள் ஆயிடுச்சு. மஞ்சள் காய்ஞ்சு ஓடு கட்டிப் போயிருந்தது, மேல பழைய சேலைக் கிழிசலை இறுக்கிக் கட்டியிருந்தாங்க. துணியை எடுத்தா பொறுக்கும் சேந்து வருது. நாயை வாசல்ல கயித்துல கட்டி, வேளா வேளைக்கு பன்னும் பாலும் வச்சு, தினக் காலண்டர் தாளைக் கிழிக்காம தேதி மேல பேனாவால கோடு போட்டுக்கிட்டு வந்திருக்காங்க. அலட்சியம்னு ஒரு வார்த்தை சொல்ல முடியாது. கேட்டதைக் கேட்டபடி அவ்வளவு சிரத்தையா செஞ்சிருக்காங்க.

பாப்பாவுக்கு ஜி.ஹெச்சுல ஊசி ஆரம்பிச்சாச்சு, நல்லாதான் இருக்கா. நான் கேக்க வந்தது வேற. வெறிநாய்க்கடிக்கு வைத்தியம் பண்றதுக்குன்னே 1907-ல ஒரு இன்ஸ்டிட்யூட் வந்த ஊருங்க இது. பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் கேட்டைத் தாண்டித்தான் அந்த அப்பா தினமும் வேலைக்குப் போறாரு. அந்த ஊர்லயே இப்படி ஒரு வாய்ஸ் நோட் எடுபடுதுன்னா எங்க கோளாறு?


எருமாடு_சிஸ்டர் (பந்தலூர் தாலுகா)

எங்க பக்கமும் வந்துச்சு. மலையாளத்துல ஒண்ணு, தமிழ்ல ஒண்ணு.

இதுல பொய்யை மட்டும் பிரிச்சு எடுக்கறது கஷ்டம். ஏன்னா பத்து நாள் கணக்கு நிஜமாவே இருக்கு, நாங்களே சொல்றதுதான். வெறி பிடிச்ச நாயோட எச்சில்ல கிருமி வர ஆரம்பிச்சுட்டா, அதுக்கப்புறம் அந்த நாய் பத்து நாளைக்கு மேல தாங்காது. அதனால கடிச்ச நாய் பத்து நாள் கழிச்சும் நல்லா சாப்பிட்டு நடமாடிட்டிருந்தா, கடிச்ச அன்னிக்கு அதோட எச்சில்ல கிருமி இல்லைன்னு அர்த்தம். அப்ப டாக்டர் மிச்ச ஊசியை நிறுத்தலாம்.

கவனிங்க, மிச்ச ஊசியை. முதல் ஊசி கடிச்ச அன்னிக்கே போட்டாகணும். வாய்ஸ் நோட்ல மாறியிருக்கறது வரிசை மட்டும்தான்: "போடு, பாரு, நிறுத்தலாம்"ங்கறது "பாரு, அப்புறம் போடு"ன்னு ஆயிடுச்சு. அந்த ஒரு மாத்தத்துல ஆளே போயிடலாம். நோய்க்குறி தெரிய பெரும்பாலும் ஒண்ணுலருந்து மூணு மாசம் ஆகும், சிலருக்கு ஒரு வாரத்துலயே வந்துடும். தலை, முகம், விரல்ல கடின்னா இன்னும் அவசரம். குறி தெரிஞ்சுட்டா அப்புறம் கையில ஒண்ணுமில்ல.

இன்னொண்ணு, இந்தப் பத்து நாள் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான். குரங்குக்குக் கிடையாது. நம்ம ஊர்ல சாப்பாட்டுப் பையைப் பிடுங்கற குரங்குகிட்ட கடி வாங்கறவங்க எவ்வளவு பேர்னு உங்களுக்கே தெரியும்.

மிளகாப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். சோப்புப் போட்டு, ஓடற தண்ணியில 15 நிமிஷம் கழுவணும். கட்டும் போடக் கூடாது, முடிஞ்சவரைக்கும் தையலும் போடக் கூடாது. தோல் கிழிஞ்சு ரத்தம் வந்திருந்தா தடுப்பூசியோட காயத்தைச் சுத்தி இம்யூனோகுளோபுலின்ங்கற, கிருமியை உடனே எதிர்க்கற மருந்தும் ஏத்தணும். நிறைய பேர் இதைக் கேக்காமலே வந்துடறாங்க. முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாளைக்குள்ள ஏத்தலாம், அதுக்கு மேல பிரயோஜனம் இல்ல.


கேத்தி_தாத்தா

தங்கை எருமாடு சொன்னது சரி. ஒரு பழங்கதை சொல்றேன், பொறுத்துக்கோங்க.

எங்க ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், 60 வயசு தாண்டினவர்கிட்ட நாய்க்கடி என்று சொல்லிப் பாருங்கள், கை தானாக வயிற்றுக்குப் போகும். தொப்புளைச் சுற்றி 14 ஊசி. அது கட்டுக்கதை இல்லை. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து, 1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற வெள்ளைக்கார டாக்டர் உருவாக்கியது. குன்னூரிலும் பல்லாண்டு காலம் அந்த வகைதான். ஒரு ஊசிக்கு நிறைய மருந்து ஏற்ற வேண்டியிருந்ததால் வயிற்றில் குத்தினார்கள். சிலருக்கு அந்த மருந்தே நரம்பைத் தாக்கிக் கை கால் விழுந்ததும் உண்டு. என் சின்ன வயதில் பக்கத்து ஹட்டிக்காரர் ஒருவர் ஊசிக்குப் பயந்து மலைக்கு அந்தப் பக்கம் மந்திரிக்கப் போனார். அவரை முட்டாள் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அவர் பார்த்ததை வைத்துப் பயந்தார்.

அந்த மருந்தை நம் நாட்டில் 2004-ஓடு நிறுத்திவிட்டார்கள். இப்போது கையில் தோலுக்குள் ஏற்றுகிற சின்ன ஊசி. ஆனால் பழைய ஊசி போய்விட்டது என்று எங்கள் ஹட்டிக்கு வந்து யார் சொன்னார்கள்? வருகிறபோது தண்டோரா போட்டார்கள், போகிறபோது ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பயத்தின் மேல்தான் உங்கள் வாய்ஸ் நோட் ஏறி உட்கார்ந்திருக்கிறது.


வண்டிச்சோலை_அட்மின்

நான் மூணு குரூப்புக்கு அட்மின். ஒரு ஹவுசிங் காலனி, ஒரு பள்ளி முன்னாள் மாணவர், ஒண்ணு ஜீப் டிரைவர்கள். தொழில்நுட்பக் கதை கொஞ்சம்.

2018-ல வாட்ஸ்ஆப் இந்தியாவுல ஒரே நேரத்துல அஞ்சு பேருக்கு மேல ஃபார்வர்டு பண்ண முடியாதபடி வச்சாங்க. 2020 ஏப்ரல்ல, ரொம்ப சுத்துன மெசேஜை ஒரு நேரத்துல ஒரே ஒரு சாட்டுக்குத்தான் அனுப்பலாம்னு இறுக்கினாங்க. அப்படிப்பட்ட மெசேஜ் 70 சதவீதம் குறைஞ்சதா கம்பெனியே சொல்லிச்சு. நல்ல விஷயம்தான். ஆனா இந்த வாய்ஸ் நோட் என்கிட்ட வந்தப்ப அதுல ஃபார்வர்டு அடையாளமே இல்ல. பின்னாடி பிரஷர் குக்கர் விசில் கேக்குது, அதுக்கும் பின்னாடி அந்த அம்மா குரல். அதாவது யாரோ ஒரு போன்ல ஓட விட்டு இன்னொரு போன்ல புதுசா பதிவு பண்ணி அனுப்பியிருக்காங்க. அடையாளம் அதோட கழண்டுடுச்சு.

படம்னா தேடிப் பாத்து பழசு, வேற நாட்டுதுன்னு கண்டுபிடிக்கலாம். எழுத்துன்னா ரெண்டு வரியைக் கூகுள்ல போடலாம். குரலை எங்க போட்டுத் தேடறது?

2018-ல சயன்ஸ் இதழ்ல வந்த எம்.ஐ.டி. ஆராய்ச்சி பத்திப் படிச்சிருப்பீங்க. ட்விட்டர்ல 2006-லருந்து 2017 வரைக்கும் சுமார் 1,26,000 செய்தி எப்படிப் பரவுச்சுன்னு பாத்தாங்க. உண்மைச் செய்தி 1,500 பேரைச் சேர, பொய்யை விட ஆறு மடங்கு நேரம் எடுத்துச்சு. பாட் கணக்குகளை, அதாவது தானா இயங்கற கணக்குகளை, எடுத்துட்டுப் பாத்தாலும் அதேதான், பரப்பினது மனுஷங்க. பொய்யில புதுமை இருக்கு, அதான் ஓடுதுன்னாங்க.


பைக்காரா_நீர்

அட்மின் தம்பி, அந்த ஆராய்ச்சியை எல்லாரும் எல்லாத்துக்கும் இழுக்கறாங்க. ட்விட்டர்ல முன்னபின்ன தெரியாதவங்க பேசிக்கிறாங்க, அதுலயும் நிறைய அரசியல் செய்தி. நம்ம ஹவுசிங் காலனி குரூப்புல புதுமைக்காகவா அனுப்பறாங்க? மாமியாருக்குச் சொன்ன மாதிரி இருக்கட்டும், மச்சினிச்சி மேல அக்கறை காட்டின மாதிரி இருக்கட்டும்னு அனுப்பறாங்க. காலைல ரோஜாப்பூ படம் அனுப்பற அதே கைதான் இதையும் அனுப்புது. "பொய்"ன்னு சொன்னீங்கன்னா அவங்க அக்கறையையே பொய்ன்னு சொன்ன மாதிரி ஆயிடுது. அப்புறம் கல்யாணப் பத்திரிகை வராது.


மலைத்தேன்_சித்தன்

எல்லாரும் ஒரே பாட்டைப் பாடறீங்க. நான் எதிர்ப்பாட்டு.

ஆஸ்பத்திரி சொன்னா உண்மை, அம்மா சொன்னா வதந்தி. தாத்தாவே சொல்லிட்டார், அந்தக் காலத்து ஊசியில கை கால் விழுந்துச்சுன்னு. அன்னிக்கு அதைச் சொன்னவனையும் வதந்தி பரப்பறவன்னுதானே சொல்லியிருப்பாங்க? 2021 ஏப்ரல்ல நடிகர் விவேக் தடுப்பூசி போட்ட மறுநாளே மயங்கி விழுந்தார், அதுக்கு மறுநாள் காலமானார். கேள்வி கேட்டவங்க மேல எல்லாரும் பாய்ஞ்சீங்க. நிலவேம்பு குடிநீரை ஒரு பக்கம் அரசாங்கமே டெங்குவுக்குக் குடுக்கும், இன்னொரு பக்கம் கிண்டலும் பண்ணுவீங்க. ஜனங்க யாரைத்தான் நம்புவாங்க?

நாய்க்கடிக்கு ஊசி வேண்டாம்னு நான் சொல்லல. வெறிநாய்க்கடி வந்து பிழைச்ச ஆளை நானும் பாத்ததில்ல. ஆனா கேள்வி கேக்கற வாயை அடைச்சா அது வாய்ஸ் நோட்டாத்தான் வெளிய வரும்.


எருமாடு_சிஸ்டர்

கேளுங்க அண்ணா, கேக்க வேண்டியதுதான். விவேக் சார் விஷயத்துல கேள்வி கேட்டது தப்பில்ல, அதை தேசிய அளவுல ஒரு குழு ஆராய்ஞ்சுது. மாரடைப்புக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்ல, ரெண்டும் அடுத்தடுத்து நடந்துடுச்சுன்னு முடிவு சொன்னாங்க. ஆனா அந்த முடிவு வர பல மாசம் ஆச்சு. வதந்திக்கு ஒரு ராத்திரி போதுமா இருந்துச்சு. அந்த நடுவுல எங்க பக்கம் ஊசி கேம்ப்புல நாற்காலி போட்டுக் காத்திட்டிருந்தோம், ஆள் வரல. பதில் லேட்டா வந்தா பதில் இல்லாத மாதிரிதான், இதுல உங்க கோபம் நியாயம்தான்.

பழைய ஊசியைப் பத்தி: அதுல பக்கவிளைவு இருக்குன்னு டாக்டர்களேதான் கணக்கெடுத்தாங்க, அதனாலதான் மாத்தினாங்க. வதந்தி பரப்பினவங்களால அது நிக்கல.


அரவேணு_டீச்சர் (கோத்தகிரி)

2017 பிப்ரவரி ஞாபகம் இருக்கா? தட்டம்மை, ரூபெல்லா ஊசி. ஒன்பது மாதக் குழந்தையிலிருந்து பதினைந்து வயது வரை எல்லோருக்கும். தமிழ்நாடு முழுக்க வாட்ஸ்ஆப்பில் கிளம்பிய வதந்தியால் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை, முடிவுத் தேதியைத் தள்ளிவைக்க வேண்டி வந்தது.

எங்கள் பள்ளியில் சுகாதாரத் துறை அனுப்பிய சுற்றறிக்கையை நானே கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். "இத்தடுப்பூசியானது பாதுகாப்பானது என உறுதி செய்யப்பட்டுள்ளது, பொதுமக்கள் வதந்திகளை நம்ப வேண்டாம்." படித்துப் பார்த்துவிட்டு ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "என்ன வதந்தி டீச்சர்?" அதுவரை அவருக்கு ஒன்றும் வந்திருக்கவில்லை. அன்று சாயந்திரமே தேடிப் பிடித்துக் கேட்டுவிட்டார்.

பிறகு சத்துணவு அமைப்பாளர் தன் பேரனைக் கூட்டிவந்து எல்லோருக்கும் முன்னால் முதலில் போடவைத்தார். அவர் படித்தது எட்டாவது. என் பேச்சைவிட அவர் பேச்சுக்கு மதிப்பு. ஊரில் பாதிப் பேர் அவர் கையால் சாப்பிட்டவர்கள்.


பந்தலூர்_பட்டவயல்

நிபா வந்தப்ப இங்க செக்போஸ்ட்ல நாங்க பட்ட பாடு தனி. 2018-ல கோழிக்கோட்டுல வந்துச்சு, 17 பேர் போனாங்க. உடனே "கோழி சாப்பிடாதீங்க, நிபா கோழியில இருந்து வருது"ன்னு ஒரு லெட்டர்ஹெட் படம். கிருமி பழந்தின்னி வவ்வால்கிட்ட இருந்து வர்றது, அப்புறம் பரவினது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில பக்கத்துல இருந்தவங்களுக்கு. கோழிக்கடைக்காரர் பாவம் ஷட்டரை இறக்கிட்டு உக்காந்திருந்தாரு. கோழிக்கோடுங்கற ஊர் பேர்ல கோழி இருக்கறதால வந்த வினையான்னு எனக்கு இன்னிக்கும் சந்தேகம்.


கொழுந்துக்கூடை

நம்ம ஊர்ல பரவவே பரவாத ஒரு உண்மை சொல்லட்டுமா? சாப்பாட்டோடயும், சோகைக்குக் குடுக்கற இரும்புச்சத்து மாத்திரையோடயும் டீ குடிச்சா இரும்பு உடம்புல ஒழுங்கா சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேணும். தேயிலை பறிக்கற பொம்பளைங்களுக்கு சோகை ஜாஸ்தின்னு சிஸ்டர் வந்து மாத்திரை குடுக்கறாங்க, நாங்க அதை டீத்தண்ணியிலயே முழுங்கறோம். இதை யாராச்சும் ஃபார்வர்டு பண்ணியிருக்கீங்களா? பண்ண மாட்டீங்க. "டீ குடிச்சா கேன்சர் வராது"ன்னா மட்டும் மூணு தடவை வருது.

நாய்க்கடிக்கு வர்றேன். டீச்சரும் சிஸ்டரும் ஒண்ணை விட்டுட்டாங்க. கூலி. ஒரு ஊசிக்கு ஒரு நாள். லயன்ல இருந்து மெயின் ரோடு நடந்து, பஸ் பிடிச்சு, ஓ.பி. சீட்டு வாங்கி, ஊசி போட்டு, திரும்பி வந்தா அந்த நாள் பேர் இல்ல, கூலி போச்சு. நாலு தடவை போகணும்ங்கறாங்க. பிள்ளைக்குன்னா கூட அம்மாவும் போகணும். ஆஸ்பத்திரி சொல்றது நாலு நாள் கூலியைக் கேக்குது. வாய்ஸ் நோட் சொல்றது ஒத்தப் பைசா கேக்கல, மஞ்சள் வீட்டுலயே இருக்கு. எது காதுல இனிக்கும்னு நீங்களே சொல்லுங்க. நம்பினது புத்தி இல்லாததால இல்லீங்க.


சிம்ஸ்பார்க்_மேடு

அக்கா, இதை நான் யோசிக்கவே இல்ல. அந்த அப்பா ஜி.ஹெச்சுக்கு வர்ற வழியெல்லாம் "இன்னும் எத்தனை தடவை வரணும்"னுதான் கேட்டுக்கிட்டு வந்தாரு. நான் அதை வேற மாதிரி எடுத்துக்கிட்டேன்.


கூடலூர்_தன்னார்வலர்

பழங்குடி கிராமங்களில் சுகாதார வேலை பார்க்கிறேன். பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் கிராமங்கள்.

அரிவாள் செல் சோகை என்று ஒரு ரத்த நோய். பரம்பரையாக வருவது. இந்தியாவில் அதை முதன்முதலாகக் கண்டு பதிவு செய்தது 1952-ல், இதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். ஆனால் பல வருடம் வரை மூட்டு வலியில் குழந்தை துடித்தால் பேய், தெய்வக் குற்றம் என்றுதான் இருந்தது. ரத்தப் பரிசோதனைக்குப் போனால் "ரத்தத்தை எடுத்து விக்கறாங்க" என்று பேச்சு கிளம்பும். அப்போது இங்கே யார் கையிலும் ஸ்மார்ட்போன் இல்லை, வதந்திக்கு அது தேவைப்படவும் இல்லை.

பேச்சு எப்படி அடங்கியது? அந்தந்தச் சமூகத்துப் பெண்களே பயிற்சி எடுத்து, அவர்கள் மொழியிலேயே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்ன பிறகு. பணியர் மொழிக்குத் தனி எழுத்து கிடையாது. நீங்கள் அனுப்புகிற பி.டி.எஃப். அங்கே வெறும் காகிதப் படம். வாய்ஸ் நோட்தான் போய்ச் சேரும். இங்கே எல்லோரும் வாய்ஸ் நோட்டையே குற்றவாளி ஆக்குவது போலத் தெரிகிறது, அதனால் சொல்கிறேன். எங்களுக்கு அதுதான் ஒரே வழி.


லவ்டேல்_வக்கீல்

அந்த அம்மா மேல புகார் குடுக்கலாம்னு ரெண்டு பேர் எனக்குத் தனியா மெசேஜ் போட்டிருக்கீங்க. வேண்டாம். 1954-ல வந்த மருந்துகள், மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. சர்க்கரையைக் குணமாக்கறேன், புற்றுநோயை விரட்டறேன்னு பாட்டில் விக்கறவங்க விளம்பரத்துக்கு எதிரானது அது. அவங்களைப் பிடிங்க, நான் வர்றேன். இந்த அம்மா எதையும் விக்கல.


மசினகுடி_ரோடு

பாம்புக்கடிக்கும் இதே கதைதாங்க. "விஷமுறிவு ஊசி இருக்கு, பயப்படாதீங்க"ன்னு வர்ற மெசேஜ் உண்மைதான். ஆனா அந்த ஊசி நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்னு நாலு பாம்பு விஷத்துக்குத்தான் செய்யறது. நம்ம தேயிலைச் செடிக்குள்ள சுருண்டு கிடக்கற பச்சை நிறக் குழிவிரியனுக்கு அது சரியா...


வண்டிச்சோலை_அட்மின்

அண்ணா, தனி இழை போடுங்க, நானே வந்து எழுதறேன். எந்தப் பாம்பானாலும் கட்டு இறுக்காம, கீறாம, உறிஞ்சாம 108-க்குக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும், அது மட்டும் இங்க இருக்கட்டும்.


எருமாடு_சிஸ்டர்

இந்த வாய்ஸ் நோட் எங்க பிறந்துச்சுன்னு எனக்கு ஒரு ஊகம் இருக்கு. எந்த ஆஸ்பத்திரின்னு வேண்டாம், எல்லா இடத்துலயும் நடக்கறதுதான். ஓ.பி.யில வரிசை வாசல் வரைக்கும் நிக்கும். ஊசியைப் போட்டுக்கிட்டே, அடுத்த சீட்டை வாங்கிக்கிட்டே, "நாயைப் பத்து நாள் பாருங்கம்மா, செத்துட்டா வந்து சொல்லுங்க, அடுத்தவங்க வாங்க". ஊசி போட்டுக்கிட்டவங்க காதுல அது சரியாத்தான் விழுது. வீட்டுக்குப் போய் அக்கம்பக்கத்துல சொல்லும்போது "டாக்டரே சொன்னாரு, பத்து நாள் நாயைப் பாத்தாப் போதுமாம்". ரெண்டாவது வீட்டுல ஊசி விட்டுப்போச்சு, மூணாவது வீட்டுல மஞ்சள் சேந்துச்சு. அந்த அம்மா பொய் சொல்றதா எனக்குத் தோணல. டாக்டர் சொன்னதைத்தான் சொல்றதா நினைச்சுப் பேசறாங்க, அதான் அந்தக் குரல்ல அவ்வளவு தைரியம்.


வண்டிச்சோலை_அட்மின்

அப்ப நாமளும் ஒரு வாய்ஸ் நோட் போடலாம். "இந்தியாவுல வருஷம் 20,000 பேர் வெறிநாய்க்கடியில சாகறாங்க"ன்னு ஆரம்பிச்சா நின்னு கேப்பாங்க.


பைக்காரா_நீர்

20,000 பழைய மதிப்பீடு. சமீபத்துல ஐ.சி.எம்.ஆர்.ங்கற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வீடு வீடா சர்வே எடுத்துப் போட்ட கணக்குல வருஷத்துக்கு சுமார் 5,700. சென்னையில இருக்கற அவங்க தொற்றுநோயியல் நிறுவனம்தான் பண்ணிச்சு. பெரிய நம்பர் போட்டா பயப்படுவாங்கன்னு தெரிஞ்சே பழசைப் போட்டா, நமக்கும் கோழி லெட்டர்ஹெட்டுக்கும் என்ன வித்தியாசம்?


கொழுந்துக்கூடை

நம்பரே வேண்டாம் சாமி. அந்த அம்மா ஒரு நம்பராவது சொன்னாங்களா? பத்துன்னு ஒண்ணுதான் சொன்னாங்க, அதுவும் என்ன பண்ணணும்னு. நீங்களும் என்ன பண்ணணும்னு மட்டும் சொல்லுங்க.


எருமாடு_சிஸ்டர்

சரி, வரைவு போடறேன். திருத்துங்க.

"நாயோ பூனையோ குரங்கோ கடிச்சா, பிராண்டினா, உடனே குழாயைத் திறந்து சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. எதையும் அப்பாதீங்க, கட்டாதீங்க. அன்னிக்கே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஜி.ஹெச்சுக்கோ போய் ஊசி போடுங்க, அரசு ஆஸ்பத்திரியில காசு கிடையாது. ஊசி 0, 3, 7, 28 ஆகிய நாட்கள்ல. நாயைப் பத்து நாள் பாக்கறது ஊசி போட்டதுக்கு அப்புறம்தான். கர்ப்பிணிகளும் போடலாம். பத்தியம் கிடையாது."


கேத்தி_தாத்தா

குழாயைத் திறந்தா? குன்னூரில் எந்தக் குழாயில் தினமும் தண்ணீர் வருகிறது? "சொம்பில் மொண்டு ஊற்றி ஊற்றிக் கழுவுங்கள்" என்று போடுங்கள். 15 நிமிடம் என்றால் கடிகாரம் பார்ப்பார்களா? ஒரு குடம் தீரும்வரை என்று சொல்லலாமா, தங்கை?


எருமாடு_சிஸ்டர்

குடம்னா ரெண்டே நிமிஷத்துல கவுத்துடுவாங்க தாத்தா. 15 நிமிஷம்னே இருக்கட்டும், போன்ல பாத்துக்கட்டும். சொம்பு சரி, மாத்திடறேன்.


கொழுந்துக்கூடை

அதென்ன 0-ஆவது நாள்? எங்களுக்குப் போட்ட அன்னிக்கே ஒண்ணு. அதுலருந்து எண்ணி மூணாவது நாள் போய் நின்னு, "நாளைக்கு வாங்க"ன்னு திருப்பி அனுப்புவாங்க, இன்னொரு கூலி போச்சு. கிழமையைச் சொல்லுங்க. திங்கக்கிழமை போட்டா வியாழக்கிழமை, அடுத்த திங்கக்கிழமை, அப்புறம் முதல் ஊசியிலருந்து நாலு வாரம் கழிச்சு வர்ற திங்கக்கிழமை. முதல் தடவையே சீட்டுல நாலு தேதியையும் எழுதி வாங்கிக்கச் சொல்லுங்க, மேஸ்திரிகிட்ட காட்டி லீவு கேக்கலாம்.


அரவேணு_டீச்சர்

அருமை. "வதந்தியை நம்பாதீங்க" என்ற வரி வரவே கூடாது. பழைய வாய்ஸ் நோட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட வேண்டாம், கேட்காதவர்கள் தேடிப் போவார்கள். பத்து நாள் வரி மட்டும் போதும், அதைக் கேட்டவர்களுக்குப் புரியும்.


மலைத்தேன்_சித்தன்

கடைசியில "சந்தேகம் இருந்தா 104-க்குப் போன் பண்ணிக் கேளுங்க"ன்னு சேருங்க. கேள்வி கேக்க ஒரு வாசல் வைங்க. அதைச் சேத்தா நானும் எங்க மூலிகை குரூப்புல போடறேன். அங்க 200 பேர் இருக்காங்க, நீங்க போட்டா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.

மஞ்சளுக்கு எதிரா பேசறதா மட்டும் நினைக்கப் போறாங்க. "மஞ்சள் நல்லதுதான், இந்தக் காயத்துல வேண்டாம்"னு போட முடியுமா?


எருமாடு_சிஸ்டர்

போடலாம் அண்ணா. அதுல தப்பில்ல.


வண்டிச்சோலை_அட்மின்

யார் குரல்? சிஸ்டர் பேசினா "ஆஸ்பத்திரிக்காரங்க"ன்னுடுவாங்க.


சிம்ஸ்பார்க்_மேடு

அந்தப் பாப்பாவோட அம்மாகிட்ட கேட்டேன். பேர் சொல்லாம பேசறேன்னாங்க. கொழுந்துக்கூடை அக்கா சொன்ன கிழமைக் கணக்கை ஒரு தடவை சொன்னதுமே பிடிச்சுக்கிட்டாங்க, ஏன்னா அடுத்த ஊசிக்கு அவங்களே அப்படித்தான் எண்ணி வச்சிருக்காங்க. ஒரு நிமிஷத்துக்குள்ள வரணும், டவர் இல்லாத இடத்துல அதுக்கு மேல இறங்காது. படுகு மொழியில கேத்தி தாத்தா, பணியர் மொழியில கூடலூர்ல யாராச்சும், மலையாளத்துல பட்டவயல் அண்ணன். சரியா?


கேத்தி_தாத்தா

என் குரல் கரகரவென்று இருக்கும். மருமகளைப் பேச வைக்கிறேன், அவள் மகளிர் குழுத் தலைவி.


கூடலூர்_தன்னார்வலர்

எங்கள் ஊழியர் ஒருவர் ஒப்புக்கொண்டார். அவர் ஒரு சந்தேகம் கேட்கச் சொன்னார்: பூனை பிராண்டியது, ரத்தம் வரவில்லை, கோடு மட்டும் விழுந்திருக்கிறது. அதற்கும் போக வேண்டுமா? போன வருடம் நாய்க்கடிக்கு முழுசாகப் போட்டுக்கொண்டவர் இந்த வருடம் மறுபடி கடிபட்டால்?


எருமாடு_சிஸ்டர்

கோடு விழுந்திருந்தாலே கழுவிட்டுத் தடுப்பூசி போடணும், ரத்தம் வந்திருந்தா இம்யூனோகுளோபுலினும் சேரும். கிழிசல் இல்லாத தோலை நக்கினது மட்டும்னா ஒண்ணும் வேண்டாம். ஏற்கெனவே முழுசா போட்டவங்களுக்கு ரெண்டே ஊசி, போன அன்னிக்கு ஒண்ணு, மூணு நாள் கழிச்சு ஒண்ணு. திங்கள்னா வியாழன். பழைய சீட்டை எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க, இல்லைன்னா மறுபடி முதல்லருந்து ஆரம்பிச்சுடுவாங்க.